டெய்லியை விட்ட சனிக்கிழமை

திருமயம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அமராவதிக்கு நாற்பது பேர் கொண்ட ஒரு படை இருந்தது. கையை நீட்டிவிட்டு ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் யாருக்கும் அது தெரியாது. ‘வேங்கை நாடு’ என்ற ஆன்லைன் விளையாட்டில் அவள் ஒரு குழுவுக்குத் தலைவி. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிற விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம் உண்டு. வில்லாளியாகலாம், கொல்லனாகலாம், கோட்டைவாசல் காவல்காரனாகலாம். அமராவதி மருத்துவச்சி வேடம் எடுத்திருந்தாள். பகலெல்லாம் ரத்தம் எடுப்பவள் அங்கே போய்க் காயத்துக்குக் கட்டுப் போட்டாள்.

அந்த விளையாட்டில் டெய்லி என்று ஒன்று உண்டு. தினமும் காலை ஐந்தரை மணிக்குப் புதிதாக மூன்று வேலைகள் வரும். ஆற்றில் ஏழு மீன் பிடி, மலைக்கோயிலுக்கு எண்ணெய் கொண்டு போ, வழிப்பறிக்காரர்களை விரட்டு என்று சின்னச் சின்ன வேலைகள்தான். மறுநாள் ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். முடித்தால், விடாமல் செய்த நாள்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஒரே ஒரு நாள் விட்டாலும் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த எண் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி மிதக்கும். ஐந்நூறைத் தாண்டியவர்களுக்குப் பொன்னிறம். அமராவதியின் எண் அறுநூறைத் தாண்டியிருந்தது. விளையாட்டு முழுவதிலும் அவளுக்கு மேலே ஒருவரும் இல்லை.

அவ்வளவு நாளும் ஒருநாள்கூடத் தவறாமல் செய்ததற்குக் காரணம் அவள் கணவன் சிவபிரகாஷ். அவன் கத்தாரில் ஒரு கிடங்கில் இரவு டூட்டி பார்க்கிறான். போன ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் ஊருக்கு வந்திருந்தான். நடுவில் ஒரு காலம், போன் பேச்சு ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’, ‘மழை உண்டா’ என்ற மூன்று வார்த்தைகளோடு முடிந்துபோனது. அப்போதுதான் அவன் இந்த விளையாட்டைச் சொல்லித் தந்தான். டூட்டி முடித்து அவன் அறைக்கு வரும்போது இங்கே காலை ஏழரை. இருவரும் சேர்ந்து மீன் பிடிப்பார்கள், எண்ணெய் கொண்டு போவார்கள், அந்த இருபது நிமிடத்தில் ஏதேதோ பேச்சு தானாக வரும். கொழுந்தன் கல்யாணத்தன்றுகூடப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி அவள் டெய்லியை முடித்தாள். டெய்லி என்பது தொல்லை, விளையாட்டை வேலையாக்குகிறது என்று குழுவில் யாராவது முனகினால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

சிக்கல் கோபிநாத்தால் வந்தது. கோபிநாத் மீமிசல்காரன், விசைப்படகில் போகிறவன். குழுவின் கோட்டைவாசல் காவல்காரன் அவன்தான். வருடம் ஒருமுறை குழுக்கள் மோதிக்கொள்ளும் பெரும்போரில், போன வருடம் மற்றவர்கள் எல்லாம் விழுந்த பிறகு பதினொரு நிமிடம் தனியாக வாசலைப் பிடித்து நின்றவன். இந்த வருடம் நிறுவனம் ஒரு புது விதி கொண்டுவந்தது. பெரும்போரில் இறங்க வேண்டுமானால் குழுவில் உள்ள நாற்பது பேரும் முப்பது நாள் விடாமல் டெய்லி முடித்திருக்க வேண்டும். கோபிநாத்தின் படகு வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் கிளம்பும். ஐந்தரைக்குப் புது டெய்லி வரும்போது அவன் கடலில் டவர் கிடைக்காத தூரத்தில் இருப்பான். மறுநாள் கரை சேர்ந்து மீனை இறக்கும்போது மணி ஏழாகியிருக்கும். அவன் தலைக்கு மேலே இருந்த எண் எந்தக் காலத்திலும் மூன்றைத் தாண்டியதில்லை.

குழுவின் துணைத் தலைவி கார்த்திகா ஆவூரில் பள்ளி ஆசிரியை. அவள் பொல்லாதவள் இல்லை, கறாரானவள். ஒருவனுக்காக முப்பத்தொன்பது பேர் வருட உழைப்பை இழக்கலாமா என்று கேட்டாள். கோயம்புத்தூர் குழு ஒன்றிலிருந்து நல்ல காவல்காரன் ஒருவன் வரத் தயாராக இருப்பதாகவும் சொன்னாள். வேறு சிலர், கோபிநாத் பாஸ்வேர்டைக் கொடுத்தால் கடலில் இருக்கும் நாள்களில் அவனுக்குப் பதிலாகத் தாங்கள் முடித்து வைப்பதாகச் சொன்னார்கள். அமராவதிக்கு அதுவே நல்ல வழியாகப்பட்டது. அவளே அவனுக்குப் போன் செய்து கேட்டாள்.

கோபிநாத் கரையில் இருந்தான். பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

“வேணாங்கக்கா. நா ஆடாத ஆட்டத்துக்கு எம் பேரு எதுக்கு? என்னய எடுத்துட்டு அந்தக் கோயம்புத்தூர்த் தம்பியப் போடுங்க. நா தப்பா நெனைக்க மாட்டேன்.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அன்றைக்கு முழுக்க ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் இருந்தது. அவன் சோம்பேறியா? நாற்பது பேரில் அவனைப்போல உழைக்கிறவன் யார்? தன் தலைக்கு மேல் இருக்கும் பொன்னெண் தன் திறமையால் மட்டும் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தாள். வீட்டில் வைஃபை இருப்பதும், பரிசோதனை நிலையம் எட்டரைக்குத்தான் திறப்பதும் அந்த எண்ணில் சேர்ந்திருந்ததை அன்றுதான் யோசித்தாள்.

நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்தே இன்னொரு கடிதமும் வந்தது. விளையாட்டின் ஆண்டு விழா ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆன்லைனில் நேரலையாக நடக்கிறது, நாட்டிலேயே அதிக நாள் விடாமல் டெய்லி முடித்தவர் என்ற முறையில் நீங்கள் வந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள்.

கார்த்திகா ஆனந்தத்தில் குழு முழுக்கச் செய்தியைப் பரப்பினாள். அமராவதி இரண்டு நாள் யோசித்தாள். விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. கோபிநாத் கடலில் இருந்தான். காலை ஏழரைக்கு சிவபிரகாஷ் வழக்கம்போல வந்து ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்றான். இன்றைக்கு டெய்லி வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஏன் என்பதையும் முழுதாகச் சொன்னாள். அறுநூற்றுப் பதினொரு நாள் போய்விடுமே என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். சொன்னால் மனம் மாறிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

“அப்ப நானும் செய்யல,” என்றான் அவன். “வா, சும்மா நடப்போம்.”

எந்த டெய்லியும் அவர்களை அனுப்பியிராத வடக்கு மலைக்கு நடந்தார்கள். மேலே ஒன்றும் இல்லை, புல்லும் காற்றும்தான். அங்கே நின்றுகொண்டு சிவபிரகாஷ், கிடங்கில் தன்னை சூப்பர்வைசராக்கப் போவதையும், ஆனால் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்வதையும், தனக்கு அதில் மனமில்லை என்பதையும் சொன்னான். மூன்று வாரமாக மனத்திலேயே வைத்திருந்தானாம். டெய்லியை முடிக்கும் அவசரத்தில் சொல்ல வாய்க்கவில்லை என்றான். அமராவதி பரிசோதனை நிலையத்துக்கு அரைமணி நேரம் லேட்டாகப் போனாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்த்தாள். பொன்னிறம் போய் வெறும் பூஜ்யம் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை.

மாலையில் அவள் வீட்டிலிருந்தே போனில் சேர்ந்ததும் தொகுப்பாளர் அவளைப் பெரிய வார்த்தைகளால் வரவேற்றார். இதோ அறுநூறு நாள் வீராங்கனை என்று அவளுடைய மருத்துவச்சியைத் திரையில் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எழுபதாயிரம் பேருக்கும் தலைக்கு மேலே பூஜ்யம் தெரிந்தது. தொகுப்பாளர் தடுமாறினார். ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சமாளிக்கப் பார்த்தார்.

“கோளாறு இல்லீங்க. நேத்து நாந்தான் முடிக்கல,” என்றாள் அமராவதி. பிறகு கோபிநாத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். படகு கிளம்பும் நேரம், கரைக்கு வரும் நேரம், அவன் பிடித்து நின்ற பதினொரு நிமிடம், பாஸ்வேர்டைத் தர மறுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தொகுப்பாளர், அப்படியானால் டெய்லியே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார்.

“வேணாம்னு நா சொல்ல மாட்டேன். கத்தார்ல இருக்குற எங்க வீட்டுக்காரரும் நானும் பழையபடி பேச ஆரம்பிச்சது அதுனாலதான். வர்றவங்களுக்குப் பரிசு கொடுங்க. வர முடியாதவங்கள வெளியில நிறுத்தாதீங்க. ஒருநாள் வேல ரெண்டு நாள் காத்துக் கெடந்தா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போயிரும்? கடலுக்குப் போறவன், நைட் டூட்டி பாக்குறவன், பிள்ளைக்கு மேலுக்கு முடியாதவ, எல்லாருந்தான ஆடுறோம்.”

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அதற்குள் கார்த்திகாவின் அழைப்பு. திட்டப் போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தாள். கார்த்திகா திட்டவில்லை. தன்னுடைய நானூற்று நாற்பது நாளையும் இன்றைக்கு விடப்போவதாகச் சொன்னாள். குழுவில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள் என்றாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு நாற்பது பேர் தலையிலும் பூஜ்யம் நின்றது. புதன்கிழமைக்குள் முகம் தெரியாத எத்தனையோ குழுக்கள் அதையே செய்தன. வேங்கை நாட்டுச் சந்தையில் நடந்துபோனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பூஜ்யமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் நிறுவனம் விதியை மாற்றியது. டெய்லி இருக்கும். ஆனால் ஒருநாள் வேலை மூன்று நாள் வரைக்கும் காத்திருக்கும். பெரும்போருக்கு விடாத நாள் கணக்கு தேவையில்லை, மாதத்தில் எந்தப் பன்னிரண்டு நாள் என்றாலும் போதும். அறிவிப்பில் அமராவதியின் பெயர் இல்லை. அவள் அதைத் தேடவும் இல்லை. கோபிநாத்துக்குத்தான் முதலில் போன் செய்தாள். படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவன், மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்காவா அக்கா?” என்று மட்டும் கேட்டான். நம் எல்லாருக்காகவும்தான் என்று அவள் சொன்னாள்.

பெரும்போர் ஐப்பசியில் நடந்தது. இருநூற்றுச் சொச்சம் குழுக்களில் அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். அரையிறுதியில் அவர்களைத் தோற்கடித்தது அந்தக் கோயம்புத்தூர்க் குழுதான். அதில் கோபிநாத்துக்கு வருத்தமே இல்லை, அந்தத் தம்பி நன்றாக ஆடினான் என்றான். மூன்றாம் இடத்துக்கான போரில் அவன் வாசலைப் பிடித்த நேரம் பதினாறு நிமிடம். அதற்குள் அவனுக்கு ஒன்பது முறை காயம் பட்டது. ஒன்பது முறையும் அமராவதி அவன் பின்னால் நின்று கட்டுப் போட்டாள்.

முடிவு அறிவித்ததும் வெற்றி பெற்ற குழுக்களின் ஆள் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறின. அடுக்களையில் நின்றபடி, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும், அமராவதி நாற்பது பெயரையும் வாய்விட்டுப் படித்தாள்.