பச்சை காட்டிய பாக்கெட்

என் மகள் சிநேகாவுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் சளி பிடிக்கும், வயிற்றால் போகும் என்கிற ஆகாது இல்லை. மூச்சே நின்றுவிடும். இரண்டு வயதில் யாரோ ஆசையாகக் கொடுத்த கடலைமிட்டாய்த் துண்டில் முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "தூள் பட்டாலும் ஆபத்தும்மா" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவருகிறேன். என் புகுந்த வீட்டாருக்குத்தான் அது புரியவில்லை. கமுதிப் பக்கம் தலைமுறையாகக் கடலை விதைக்கிறவர்கள். "நம்ம காட்டுல வெளஞ்சது நம்ம புள்ளைக்கே ஆகாதாக்கும்!" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான் என் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். பிள்ளையின் பெயரைப் போட்டு 'நிலக்கடலை' என்பதற்கு நேரே டிக் அடித்துவிட வேண்டும். அப்புறம் பாக்கெட்டில் இருக்கும் கறுப்புக் கோடுகளைக் காட்டினால் போதும். கடலை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்றெல்லாமும் சொல்லும். எனக்கு நிறம் போதும். மூன்று வருடமாகப் பச்சை பார்க்காமல் ஒரு பிஸ்கட்கூட அவள் வாய்க்குள் போனதில்லை.

என் வீட்டுக்காரர் மாரீஸ்வரனுக்கு ஓர் அக்கா, உமாமகேஸ்வரி. எனக்கு மதினி. சத்துமாவு வியாபாரம் தொடங்குவதற்காக அழகாகப் பாக்கெட் அடித்து, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை அச்சடித்தவரை வைத்தே ஆப்பிலும் ஏற்றியிருந்தார். போன மாதம் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது மாதிரிப் பாக்கெட் ஒன்றை நீட்டினார். நான் போனைக் காட்டினேன். சிவப்பு. கூடவே 'கீ கீ' என்று ஒரு சத்தம் வேறு.

"என் மருமகளுக்கு நான் வெசமா வைக்கப்போறேன்?" என்று மதினி ஒப்பாரியே வைத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் குதித்த குதி இருக்கிறதே! அக்காவை நான் சபையில் அசிங்கப்படுத்திவிட்டேனாம். மறுநாள் மதினியே போன் போட்டு, "வெசனப்படாத லட்சுமி. புள்ளைக்குன்னு கடலை இல்லாமத் தனியா அரைச்சுத் தாரேன்" என்றார். எனக்கும் மனம் இளகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கடைத்திறப்பு. புதுத் தொழில் தொடங்கினால் முதல் உருப்படி உடன்பிறந்தவன் பிள்ளையின் வாயில் விழ வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். கடை நிறைய ஆள். மதினி பாக்கெட்டைப் பிரிக்கும் முன் நான் போனை எடுத்தேன். எல்லார் கண்ணும் என் மேல். இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பச்சை வந்தது.

அப்பாடா! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளைக்காகத் தனிப் பாக்கெட்டே அடித்திருக்கிறார் என்று நினைத்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிருங்க மதினி" என்றேன். அவர் மாவில் நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்து ஊட்டினார். சிநேகா ருசித்துச் சாப்பிட்டாள்.

இரண்டே நிமிடம். "அம்மா, தொண்டை அரிக்குது" என்றாள். குரல் கரகரத்தது. உதடு உப்பியது. இவரது லோடு ஆட்டோவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். தொடையில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, அவள் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்க்கும்வரை நான் உயிரோடு இருந்தேனா என்றே தெரியவில்லை.

அவள் தூங்கியதும் வெளியே வந்தேன். ஆப் கெட்டுப்போய்விட்டதா? எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் வாங்கிக் கோட்டைக் காட்டினேன்.

பச்சை.

முழுக்க முழுக்கக் கடலை. அதற்கும் பச்சை! ஆப்பில் சிநேகாவின் பெயரைத் திறந்து பார்த்தேன். 'நிலக்கடலை'க்கு நேரே டிக் இல்லை. என் போனைத் திறக்கும் நம்பர் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று நான்.

ஆஸ்பத்திரி வாசலில் இவரும் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். போனை இவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இத யாரு எடுத்தது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அக்கா தனியா அரைச்சேன்னு சொல்லுச்சு. ஆனா பாக்கெட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான. ஆப்பு செவப்புதான் காட்டும். நீ மறுபடியும் நாலு பேரு முன்னாடி... ஒரு நாளைக்குத்தான, சாயங்காலம் போட்டுவிட்டுருவோம்னு நெனச்சேன்."

"சத்தியமா கடலை சேக்கலத்தா" என்று மதினி அழுதார்.

"எந்த மில்லுல அரைச்சீங்க?"

"நம்ம மில்லுலதான்."

"அதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

மதினி அப்போதுதான் யோசித்துப் பார்த்தார். கடைக்கான மாவு. கடலை போட்டது. மிளகாய் அரைத்த மில்லில் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டாமல் மாவு அரைக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலைக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்? "கடலைதானத்தா... மொளகாயா என்ன..." என்று முனகினார். அவர் தெரியாமல் செய்தார். திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இவர்? பிள்ளைக்குக் காவல் வைத்திருந்த நாயை, பெற்ற தகப்பனே கட்டிப்போட்டிருக்கிறார். அக்காவின் முகம் வாடக் கூடாதென்று! நான் மன்னிப்புக் கேட்டபோதும் பக்கத்தில்தானே நின்றார். அடிப்பாவி, உன்னைப் போல் ஏமாளி உண்டா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் சிநேகா எழுந்து பசிக்கிறது என்றாள். இவர் ஓடிப்போய் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்தார். "சட்னி வேணாம்னுட்டேன். சீனி மட்டும்தான். கடலை எதுவும் இல்ல" என்றார்.

சிநேகா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதுல கோடு இல்லையே."

"அதான் அப்பா சொல்றேன்ல, தங்கம்" என்றார் இவர்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக இந்த மனிதர் சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை. பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஓர் இட்லியைப் பிட்டு முகர்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் முகர்ந்தேன்.