பார்த்தவர்தான் எழுத வேண்டும்

குருவிக்கு வீடு வாங்கப் போகலாம் என்று அக்கா வந்து நின்றாள்.

"கிளம்புடா. நல்லதாப் பார்த்து எடுக்கணும். பலகை, ஆணி, துளை போடுறதெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

எனக்கு அது மட்டுமா தெரியும்? மற்றதும் தெரிந்ததால்தான் இரண்டு மாதமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே நான், மேலே அக்கா. அத்தான் போனபிறகு அவளைப் பிடித்து நிறுத்தியது குருவிகள்தான். ஊரில் குருவி குறைந்துகொண்டே வருகிறது என்று கணக்கெடுக்கும் ஒரு குழுவில் சேர்ந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலில் உட்கார்ந்து கால் மணி நேரம் எண்ணுவாள். நீள நோட்டில் தேதி, எத்தனை, கூடு, குஞ்சு என்று கட்டம் கட்டமாக எழுதுவாள். கடைசிக் கட்டம், காரணம். ஆறு வருஷத்துக்கு முந்தைய முதல் பக்கத்தில் இருபத்தாறு குருவி. இந்த வருஷம் ஐந்து.

அந்த நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பார்த்தவர்தான் எழுத வேண்டும். ஒருநாள் தெருமுனையில் ரெண்டு குருவி பார்த்தேன், சேர்த்துக்கோ என்றேன். "கேள்விப்பட்டதெல்லாம் நான் எழுத மாட்டேன். பார்த்தவன் நீ, பேனாவைப் பிடி" என்றாள். கோர்ட்டே தேவலை என்று கிண்டல் செய்துவிட்டு இறங்கிவந்தேன்.

மிஞ்சியிருந்த ஐந்தில் ஒரு ஜோடி, மாடி ஜன்னலுக்கு மேலே செங்கல் பெயர்ந்த ஓட்டையில் கூடு கட்டியிருந்தது. மகளின் பிரசவத்துக்கு மூன்று வாரம் போனபோது அக்கா வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"பெயிண்ட் வேலை உன் இஷ்டம். அந்த ஓட்டையை மட்டும் நான் வர்ற வரைக்கும் தொடாதே. உள்ள குஞ்சு பொரிச்சிருக்கு."

"சரிக்கா, சரிக்கா" என்றேன். ரெண்டு தடவை சொன்னேன்.

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே ஆள் இருக்கா என்பதுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் கேட்பேன்.

பெயிண்டர் சாரத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டார். "சார், இந்த ஓட்டைக்குள்ள ஏதோ கீச்சு கீச்சுன்னு கத்துது. விட்டுடவா?"

அன்று மதியத்துக்குள் சாரத்தை அவிழ்த்தாக வேண்டும். எனக்கு வேலைக்கும் நேரமாகிவிட்டது. முந்தின நாள்தான் சுவரில் ஈரம் இறங்குவது இந்த ஓட்டையால் என்று அவரே சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குருவிக்கெல்லாம் பார்த்தா வீடு கட்டியே இருக்க முடியாது. பூசி விடுங்க" என்றேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியில் சிமெண்டை எடுத்தார்.

சாயங்காலம் வந்தபோது தாய்க்குருவி அந்த இடத்தில் வாயில் புழுவோடு படபடத்துக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. அப்போதாவது ஒரு உளியை எடுத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். ஏணி என்னிடம் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்க் கீழ்வீட்டு ஜன்னலைச் சாத்தினேன். மறுநாளும் அது வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மற்றதைக்கூட அவசரம், கோபம் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். அந்த அப்பாடாவை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அக்கா திரும்பி வந்து சுவரைப் பார்த்ததும் ஒரு பொய்யை எடுத்து நீட்டினேன். "நீ போன நாலாம் நாளே தாய் குஞ்சுகளை விட்டுட்டுப் பறந்துடுச்சுக்கா. அப்புறம் உள்ள சத்தமே இல்ல. அதான் மூடிட்டாங்க."

அவள் மெதுவாகச் சொன்னாள். "ஜன்னல்ல நான் வைக்கிற தண்ணியும் தானியமும் நின்னுபோச்சு இல்ல? உன்கிட்ட மாடிச் சாவியைக் கொடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்."

"இருக்கலாம்" என்றேன்.

அந்த மூன்று வாரத்தை நீதான் பார்த்தாய், நீ எழுது என்று நோட்டை நீட்டினாள். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று நழுவிவிட்டேன். அந்த வரிகள் அப்படியே காலியாகக் கிடந்தன.

தோட்டச் சாமான் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கூட்டுப் பெட்டிகள். புகைபோக்கி வைத்தது, ஜன்னல் வரைந்தது, சிவப்புத் தகரக் கூரை போட்டது. நான் தகரக் கூரையை எடுத்தேன். அக்கா பிடுங்கித் திரும்ப வைத்தாள்.

"வெயில்ல தகரம் கொதிக்கும்டா. உள்ள இருக்கிறது வெந்துபோயிடும். மூச்சு விட வேண்டாமா?"

கைகள் என் பேச்சைக் கேட்காமல் பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. கடைக்காரப் பெண் வந்து பொறுமையாகச் சொன்னாள். வாசலில் குச்சி இருக்கக் கூடாது, பூனைக்கும் காக்காவுக்கும்தான் அது வசதி. துளை கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். பெயிண்ட் அடிக்காத பலகை நல்லது. அடியில் ஈரம் வடிய ஓட்டை வேண்டும். அக்கா ஒவ்வொரு பெட்டியாக மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு நோண்டவில்லை.

"பழைய கூடு எங்கே இருந்துச்சு?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"மாடி ஜன்னலுக்கு மேல. நான் ஊர்ல இல்லாதப்ப போயிடுச்சு. என் கவனக்குறைவு" என்றாள் அக்கா, முன்பின் தெரியாதவளிடம்.

"அப்போ அதே இடத்துலயே மாட்டிப் பாருங்க. பழகின இடம்னா திரும்ப வரலாம்."

வீட்டுக்கு வந்ததும் நான் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து நடித்தேன். "இங்க ஆணி நிக்காதுக்கா. ஒரு முழம் தள்ளி மாட்டலாம்."

"அதே இடம்" என்றாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன், பயப்படாம ஏறு."

ஏறினேன். பெயிண்ட் ஒரே நிறமாக இருந்தாலும் அந்த இடம் எனக்குத் தெரியும். டிரில்லை வைத்து அழுத்தினேன். செங்கல்லில் ஏற வேண்டிய முனை சட்டென்று உள்ளே போனது. ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதோடு வைக்கோலும் சிறகுத் துணுக்கும் அக்காவின் தலையில் கொட்டின.

அவள் ஏணியை விடவில்லை. தலையை மட்டும் உதறினாள். "பழைய வைக்கோல்தானே, இருக்கட்டும். நாலே நாள்ல குஞ்சுகளை விட்டுட்டுப் போகணும்னா அதுக்கு எவ்வளவு பசிச்சிருக்கும். பாவி, ஒரு சாவியைக் கொடுக்க மறந்தேன்."

எதுவும் சொல்லாமல் பெட்டியை மாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"சாவி இல்லக்கா" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. "குருவி போகலை. உள்ள கத்துதுன்னு பெயிண்டர் சொன்னார். நான்தான் பூசச் சொன்னேன். தாய் ரெண்டு நாள் வந்து வந்து பார்த்துச்சு. அதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஏணி ஒரு தடவை லேசாக நடுங்கியது. விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இறங்கு" என்றாள். "மெதுவா."

என் கால் தரையில் படும்வரை பிடித்திருந்தாள். பிறகு மேலே போய் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"எத்தனை?"

"தெரியலைக்கா."

"ஏறிப் பார்."

மறுபடி ஏறி, ஓட்டைக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்தேன். காய்ந்து சருகாகியிருந்தன. மூன்று கூட்டிலேயே இருந்தன. ஒன்று மட்டும் பூச்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதற்குச் சிறகு முளைத்திருந்தது.

படியில் உட்கார்ந்து காலியான வரியில் தேதி போட்டேன். குஞ்சு, நான்கு. காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பெயிண்ட் வேலை என்று எழுதினேன்.

அக்கா தலைக்கு மேலிருந்து வாசித்தாள். "அந்த ஆள் பாவம், கேட்டுட்டுத்தானே பூசினார்? சரியா எழுது."

அதை அடித்துவிட்டு, தம்பி என்று எழுதினேன்.

நோட்டை வாங்கி மை காயும்வரை விரித்தே பிடித்திருந்தாள். கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டாள். "பெட்டியை ஒரு முழம் தள்ளி மாட்டு. அந்த ஓட்டை திறந்தே இருக்கட்டும்" என்றாள்.

நான் ஏணியை நகர்த்தினேன். இந்தத் தடவை பிடிக்க அவள் வரவில்லை.