பூ இல்லாத மாதத்துத் தேனீக்கள்

"நாலே நாலு கொம்புதான் கேக்கிறேன் குல்சும். மரத்தையா கேக்கிறேன்?"

"கொம்போட பூச்சியும் போகும்ண்ணே. பூச்சி வெளிய போனா வீட்டு பரக்கத்தும் விருத்தியும் கூடவே போயிரும். நாங்க குடுக்கிறதா இல்ல."

ஏழு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. கணவனின் அண்ணன் யாஷார் வாசலில் நின்று கேட்டதும், தேநீர்த் தட்டைப் பிடித்தபடி தான் சொன்னதும் குல்சுமுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. கொம்பு வெட்டித் தர அரிவாளைக் கையில் எடுத்திருந்த துராலி, மனைவியின் பேச்சைக் கேட்டதும் அதை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தான். யாஷார் தேநீரைத் தொடாமல் போனார். அதன்பின் அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள், ஆனால் வேறு வேறு வரிசையில்.

மூலா மலைகளில் கோடை முடிந்தால் பூ கிடையாது. பைன் மரப்பட்டை இடுக்கில் வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு ஒரு பூச்சி ஒட்டிக் கிடக்கும். அது மரச்சாற்றை உறிஞ்சிக் கசியவிடும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் பனிக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும். பூச்சி இல்லாத மரத்தில் பூச்சி பிடித்த கொம்பைக் கட்டிவிட்டால் சில வருஷங்களில் காடெங்கும் பரவும். யாஷார் எங்கெங்கோ அலைந்து வேறு ஊரிலிருந்து கொம்பு வாங்கிவந்து, மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் பைன்களில் கட்டினார்.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் காட்டுத்தீ வந்தது. முகடு வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. துராலியின் பக்கம் கரிக்கட்டைகளாக நின்றது. யாஷாரின் பக்கத்தில் ஓர் ஊசியிலைகூடக் கருகவில்லை.

அந்த இலையுதிர்காலத்தைச் சர்க்கரைப்பாகு ஊற்றி எப்படியோ ஓட்டினார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் தேனீக்கள் பாகோடு நிற்கவில்லை. அழுகி விழுந்த அத்திப்பழம், வெடித்த மாதுளை, பறவை கொத்திய திராட்சை என்று இனிப்பு எங்கே கசிந்தாலும் போய் மொய்த்தன. புளித்த சாற்றைக் கூட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. பனிக்காலத்தில் அதைக் குடித்து வயிறு கெட்டு, கூட்டுக்குள்ளேயே கழிந்து, கொத்துக் கொத்தாகச் செத்தன. அறுபது பெட்டியில் பத்தொன்பது மிஞ்சின. காலிப் பெட்டிகளை துராலி சூடான சலவைச் சோடா நீரில் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"அண்ணன்கிட்ட எடம் கேக்கிற வாய் எனக்கில்ல குல்சும்," என்றான் அப்போது. எந்த வாய் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வருஷம் முழுக்க அந்தக் கேள்வியை எச்சில் போல விழுங்கிக்கொண்டே திரிந்தாள். சந்தையில் யாஷாரைப் பார்த்தால் வெங்காயத்தைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டாள்.

இன்று காலை யாஷாரின் மனைவி ஹலிமே ஆள் விட்டு அனுப்பியிருந்தாள். திராட்சைப்பாகு காய்ச்சுகிறோம், உங்கள் வீட்டு விருந்தாளிகளை வந்து அழைத்துப் போங்கள் என்று.

குல்சும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள். முற்றத்தில் பெரிய கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவிக்குள் தேனீக்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நுரையின் ஓரத்தில் கடுகு தாளித்தது போலச் செத்து மிதந்தன. யாஷார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த கொப்பரைச் சாற்றின் புளிப்பு போக வெள்ளை மண்ணைத் தூவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வா வா," என்றாள் ஹலிமே. "ஏழு வருஷமா இந்தப் பக்கம் வராத மகராசி. பாகுக்கு வாசனை பத்தாதுன்னு தேனீயைப் போட்டு அனுப்பியிருக்கே."

குல்சும் சல்லடையைக் கொப்பரைக்குள் விட்டு அள்ளினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. சிறகெல்லாம் ஒட்டிப் பிசுபிசுவென்று, மழையில் நனைந்த உமி மாதிரி. தன் பெட்டித் தேனீ எது, ஊர்த் தேனீ எது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் யாஷாரின் பெட்டிகள் முகட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் வேறு யாரும் பெட்டி வைத்திருக்கவில்லை.

"அள்ளி என்னடி ஆகப் போகுது," என்றாள் ஹலிமே. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாளைக்கும் வரும். அதுங்களுக்கு வேற எங்க இருக்கு?"

வேறு எங்கே இருக்கிறது என்பது மூவருக்கும் தெரியும். முகட்டுக்கு அந்தப் பக்கம், தேனீ தானாகப் பறந்து போக முடியாத தூரத்தில், டிராக்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில். அங்கே பைன் பட்டையெல்லாம் பூச்சியின் வெள்ளை பூத்திருக்கிறதாம். ஊரே பேசிக்கொள்கிறது.

குல்சும் சல்லடையைக் கீழே வைத்தாள். முக்காட்டின் நுனியால் கையைத் துடைத்தாள். பாகு போகவில்லை, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. யாஷார் வெள்ளை மண்ணை ஒரு பிடி எடுத்தபடி இருந்தார். அன்று அவர் வாசலில் நின்ற நிற்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணே."

அவர் கை நின்றது.

"அன்னிக்கு இல்லன்னு சொன்னது நான். உங்க தம்பி அரிவாளை எடுத்துட்டாரு. நான்தான் தடுத்தேன். நான் இங்க வந்து நிக்கிறது அவருக்குத் தெரியாது." ஒட்டிய விரல்களைப் பிரித்துக்கொண்டாள். "பத்தொன்பது பெட்டி இருக்குண்ணே. பனி விழற வரைக்கும் உங்க பைன் நிழல்ல வைக்க எடம் குடுங்க."

யாஷாரின் விரலிடுக்கிலிருந்து வெள்ளை மண் சாற்றில் சிறிது சிறிதாக உதிர்ந்தது. சல்லடையில், செத்துக் கிடந்தவற்றின் மேல் ஏறி, கொப்பரைக்குத் தப்பி வந்து விழுந்த ஒரு தேனீ மட்டும் ஒட்டிப்போன சிறகைப் பின்னங்காலால் நீவி நீவி விரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.