பம்பரத்தின் மாத்திரை

கண்ணாடிக்கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். ஐம்பதை நெருங்குகிற ஆள், ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். லென்ஸைச் சாணை பிடித்துக்கொண்டே வாசலில் நிற்பவருக்கு விலை சொல்வார், விலை சொல்லிக்கொண்டே போனில் யாரையாவது ஒரு பிடி பிடிப்பார். கடையைத் திறக்காமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிபன் டப்பாவைத் தொடுவார். "தொழில்தான் அவருக்கு உசிரு" என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

தொழிலாவது, உயிராவது! கடையின் கீழ் இழுப்பறையில் யாரும் வாங்காத ஒரு கண்ணாடிக் கூடு கிடக்கும். அதற்குள் தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான் அந்தத் தொழில்பக்தி.

பத்தொன்பது வயதில் அந்த மாத்திரை தொடங்கியது. அதற்கு முன்பு அவர் பம்பரம் இல்லை. முகம் உப்பி, கண் செருகி, வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டு கிடந்த பையன். கல்யாணம் பேசியபோது, "மாப்பிள்ளைக்கு வியாதி கியாதி எதுவும் இல்லையே?" என்று கேட்டார்கள். இல்லை என்றார் அவருடைய அப்பா. கல்யாணம் முடிந்ததும் மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று பம்பரம் நினைத்தார். பிறகு குழந்தை பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். இன்றைக்கு நாளைக்கு என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. ஊரில் பாதிப் பேர் விழுங்குகிற மாத்திரையை மறைத்து என்ன கோட்டையைப் பிடித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். நாள் ஆக ஆக மாத்திரை பெரிய விஷயமாக இல்லை, மறைத்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

ஒரே மகள். பதினாலு வயது வரை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தவள், அதற்கப்புறம் மெல்ல மெல்ல அடங்கினாள். உடம்பு பெருத்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் வேர்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஸ்வெட்டரைத் தேடினாள். வகுப்பில் தூங்கினாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தடவை கடிதம் வந்தது.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "வீட்டில யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க பக்கமும் இல்ல" என்றார் பம்பரம். வாய் கூசவில்லை.

"அப்போ டெஸ்ட் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டைக் குறைக்கட்டும், தினமும் நடக்கட்டும். ஆறு மாசம் பாப்போம்."

ஆறு மாசம் இரண்டு வருஷம் ஆனது. மகளின் தட்டில் சோறு குறைந்தது, உடம்பு குறையவில்லை. அவளுக்கு மூட்டை என்று பெயர் வைத்தவர் வேறு யாரும் இல்லை, அப்பாதான். "மூட்டை எழுந்திரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பை மாட்டுவார். கடைக்கு வந்து நின்றால், "தள்ளி நில்லு மூட்டை, வர்றவங்களுக்கு வழி வேணாமா?" என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

அவருக்குத் தெரியாமலா இருந்தது? எல்லாம் தெரியும். உப்பின முகம், ஸ்வெட்டர், சீப்பு நிறைய முடி, ஒவ்வொன்றையும் அனுபவித்த மனுஷன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் பழைய முகமே தெரியும். அதை மறக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான்.

ஒருநாள் சாயங்காலம் மகள் புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பித் திட்டலாம் என்று கிட்டே போனவர், திட்டாமல் திரும்பி வந்தார். மறுநாள் கடையில் ஒரு வைட்டமின் பாட்டிலைக் காலி செய்து, தன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட்டார்.

"சத்து மாத்திரைம்மா. காலையில வெறும் வயித்தில ஒண்ணு போட்டுக்க" என்று கொடுத்தார்.

தன் ரத்தம், தன்னிடமிருந்து வந்த வியாதி, அதனால் தன் மாத்திரையே அவளுக்கும் பொருந்தும் என்று கணக்குப் போட்டார். ஊரார் கண்ணுக்கு அரைக்கால் புள்ளி பிசகாமல் லென்ஸ் பொருத்துகிறவர். ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் போட்டால் தலை சுற்றும் என்று தினமும் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவர். அவருடைய மாத்திரை முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய அளவு. அதை முழுசாக மகளுக்குக் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மூன்றாவது வாரத்திலேயே பெண் தெளிந்துவிட்டாள். தானாக எழுந்தாள். பாட்டை முணுமுணுத்தாள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? வாயைக் கட்டு, நடன்னு நான் சொன்னப்ப யாராவது கேட்டீங்களா?" என்றார் பம்பரம். இதையும் கூசாமல்தான் சொன்னார்.

ஏழாவது வாரம் பென்சில் பிடிக்கிற கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். "ரெண்டு மாடி ஏறினா அடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அன்று மத்தியானமே பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு டாக்டரம்மா வந்தார்.

"தைராய்டு ஹார்மோன் ரொம்ப ஏறிக் கிடக்கு. சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யற மாதிரி தெரியுது. அதை அடக்க இப்பவே மருந்து ஆரம்பிக்கிறோம். அடங்கலைன்னா ஆபரேஷன் பத்திக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாளா?"

"சத்து மாத்திரை மட்டும்தான்" என்றாள் மனைவி.

"குடும்பத்தில யாருக்காவது தைராய்டு?"

"ரெண்டு பக்கமும் கிடையாது டாக்டர்."

பம்பரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சுட்டது. மனைவிக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை அப்படி, இந்தத் தடவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபரேஷன் என்ற சொல் மட்டும் தலைக்குள் நின்றது. மகளின் சுரப்பி ஏற்கெனவே சோம்பிக் கிடக்கிறது. அதைத்தான் அடக்கப் போகிறார்கள்.

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்தாள். மகள் கையை நீட்டினாள். உள்ளங்கை நடுங்கியது. கொடுத்ததை ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளப் பழக்கப்பட்ட கை.

"குடுக்காதீங்க!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது சத்து மாத்திரை இல்ல. என் தைராய்டு மாத்திரை. நான்தான் குடுத்தேன்."

"உங்களோடதா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு இருக்குங்க. சின்ன வயசிலேர்ந்து இருக்கு. இவளுக்கும் அதேதான், மந்தமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா காகிதத்தை மடக்கினார். "பெத்த அப்பாதானே நீங்க? ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே இந்தப் பொண்ணு சரியாகியிருப்பா. இப்ப நெஞ்சைக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார். நர்ஸும் பின்னாலேயே போனாள்.

மனைவி அவரையே பார்த்தாள். "அப்போ காலையில சாப்பிடாம போனது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை பெருமை பேசியிருப்பாள்! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

கட்டிலருகே இருந்த ஸ்டூலில் பம்பரம் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? குளிரு, தூக்கம் எல்லாம்?"

"ஆமாம்மா."

"யாராவது திட்டினாங்களா?"

"எங்கப்பா."

"என்னன்னு?"

"மூட்டைன்னு" என்றார்.

அவள் மெஷினில் ஓடுகிற பச்சைக் கோட்டையே பார்த்தாள். "வலிச்சுதாப்பா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அப்போ, தெரிஞ்சேதான் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நர்ஸ் திரும்பி வந்து எழுந்து வெளியே போகச் சொல்லும்வரை, பம்பரம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.