கரிசலில் இறங்கிய ஜீப்

கோவில்பட்டியில் டைல்ஸ் கடை வைத்திருந்த யாசின், தேனியில் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கி வந்து ஒரு வருஷமாய் அதற்காகவே அலைந்தான். பாடியை உயர்த்தினான், அகலமான டயர் மாட்டினான், சிக்கினால் கம்பி கட்டி இழுத்து மீள, முன்னால் வின்ச் வைத்தான். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், மனைவி சாஜிதாவை ஏற்றிக்கொண்டு, சேற்றில் ஓட்டிப் பார்க்கப் பசுவந்தனைப் பக்கம் கிளம்பினான்.

வண்டிப்பாதை முழுக்கத் தண்ணீர். பக்கத்து நிலத்தைத் தரிசு என்று எண்ணி உள்ளே திருப்பினான். கொஞ்ச தூரத்திலேயே கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ள, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவன் விடவில்லை, முன்னும் பின்னும் உறுமவிட்டு நிலத்தையே உழப்பினான். வின்ச் கம்பியை மாட்ட ஒரு மரம்கூட இல்லை. கடைசியில் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது.

இறங்கிய சாஜிதாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இங்கன பாருங்க. உளுந்து முளைச்சிருக்கு."

நிலத்துக்காரி பேபி ஓடி வந்தாள். அவள் ஏசவில்லை. சேற்றில் குந்தி, நசுங்கிய முளைகளை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள்.

"போன வருசம் மழையே இல்ல அண்ணாச்சி. இந்த வருசந்தான் முளைச்சுது."

"நட்டத்த நான் தந்திருதேன்க்கா."

"மண்ணு காஞ்சா ஒங்க வண்டி வெளிய வந்துரும். இது வருமா?"

மாலையில் டிராக்டர் வந்து ஜீப்பை இழுத்தது. அந்தச் சின்ன நிலத்தில் மிஞ்சியிருந்த முளைகளும் டிராக்டர் சக்கரத்தில் போயின. ஜீப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாவியைத் திருப்பியதும் ஓடியது. பேபி குந்திய இடத்தைவிட்டு எழவேயில்லை.