முதலில் தொட்டது யானை

அத்தான் எதிரே வந்து உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. கண்ணாடிக் கடைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அவர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தவளே அவள்தான். அக்கா புருஷனாயிற்றே என்று நல்ல லென்ஸாகவே போட்டிருந்தாள். அதைத் துடைத்துப் போட்டுக்கொள்ளக்கூட மனிதருக்கு உடம்பு வணங்கவில்லை.

சதுரங்க மன்றத்தின் செயலாளர் அவர். அணியின் நான்காவது இடத்தை வருஷா வருஷம் தமக்கே வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை உனக்குத்தாம்மா" என்று அவள் தலையில் மிளகாய் அரைப்பார். இந்த முறை மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். மன்றப் போட்டியில் இவர்கள் இருவரில் ஜெயிப்பவருக்கே அந்த இடம். நடுவரும் வெளியாள்.

ஒரு காயை நகர்த்திவிட்டு எழுந்து போய், அடுத்தவர் ஆட்டங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார் அத்தான். திரும்பி வந்து, "இன்னுமா யோசிக்கிற? அடுப்புல ஏதாச்சும் வெச்சுட்டு வந்தியா?" என்றார்.

"உங்களப் பாத்தா பாவமா இருக்கு. அதான் யோசிக்கிறேன்."

ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்த, அவரையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றிக் கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும்; தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. அத்தானோ இரண்டு கைகளாலும் கட்டுவார், அதிலும் யானையைத்தான் முதலில் பிடிப்பார். செயலாளராயிற்றே என்று மன்றத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இன்றும் அதே கதை. வலது கை யானையைத் தூக்கியது. பிறகுதான் இடது கை ராஜாவிடம் போனது. அவள் நடுவரைக் கூப்பிட்டாள்.

"முதல்ல எதைத் தொட்டீங்க, சார்?" என்றார் நடுவர்.

"ரெண்டையுந்தான். எப்பவும் இப்படித்தானே!"

"யானையைத்தான்," என்றார் பக்கத்து மேஜைக்காரர், தலை நிமிராமல்.

"அப்ப யானையை நகர்த்துங்க. கோட்டை கிடையாது."

"ஏம்மா, குடும்பத்துக்குள்ள இதெல்லாமா?"

"குடும்பத்தை வீட்ல வெச்சுக்கலாம், அத்தான். நகர்த்துங்க."

நகர்த்தினார். ராஜா நட்டநடுவில் திருதிருவென்று முழித்தார். அவள் ராணியும் குதிரையும் உள்ளே புகுந்தன. "சமமா முடிச்சுக்கலாமா?" என்று குழைந்தார். அவள் அடுத்த நகர்விலேயே 'செக்' வைத்தாள்; ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

"விதியால ஜெயிச்ச. ஆட்டத்தால இல்ல," என்று முணுமுணுத்தபடி அணிப் பலகையின் முன் போய் நின்றார். நான்காவது இடத்துக்கு நேரே தம் பெயரை அழித்தார். பேனாவை எடுத்தவர் எழுதவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"பேனாவைத் தொட்டுட்டீங்க, அத்தான்," என்றாள். "எழுதித்தான் ஆகணும்."