அவர் திரும்பி வர ஒரு பாலிசி

அந்த ஏஜென்டுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அவரிடம் போய்வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் விடாக்கண்டன்தான். மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பும் ஆட்களைத்தான் அவர் பிடித்துக்கொள்வார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர், வலிப்பு வருபவர், புற்றுநோயை ஜெயித்துவிட்டு வந்தவர். நல்ல ஆரோக்கியமான ஆள் தெரியாத்தனமாக உள்ளே நுழைந்துவிட்டால், “உங்களுக்கு எவன் வேணா குடுப்பான், வேற இடம் பாருங்க” என்று விரட்டிவிடுவார். இப்படி வியாபாரம் செய்தால் உருப்பட முடியுமா என்று கேட்காதீர்கள். அவர் உருப்படவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எழுந்தால் தலையில் இடிக்கும் கூரை. அதுதான் ஆபீஸ்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரே ஒரு ஆசைதான் காரணம். அவள் வீட்டுக்காரர் ஊர் திரும்ப வேண்டும்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் கடல் தாண்டி ஒரு பெரிய ஆலையில் ஃபோர்மேன். ஆலைக்காரர்கள் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் அவர் குடும்பத்துக்கும் சேர்த்து இருந்தது. வேலையை விட்ட மறுநாளே அது போய்விடும். அப்புறம் நெஞ்சுக்குள் உலோகத்தை வைத்திருப்பவளுக்குத் தனியாக எவன் பாலிசி தருவான்? “உனக்காகத்தாம்மா இங்க கெடக்கேன்” என்பார் அவர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒழுகும் குழாய், ஆடும் ஃபேன் எல்லாவற்றையும் சரிசெய்வார். போய்விடுவார்.

போன தடவை வந்தபோது செய்தித்தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். “கடைக்கு வாங்க, பவர் பாத்துடலாம்” என்றாள். “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார். ஊரில் உள்ள கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்குத் தன் புருஷன் கண்ணின் பவர் தெரியாது. கடைக்கு அவர் வயது ஆண்கள் மனைவியோடு வந்து, “இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா” என்று ஃப்ரேம் மாற்றி மாற்றிக் காட்டும்போது அவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதல் நாள் விடாக்கண்டன் கேட்டார். “இதுக்கு முன்னாடி பாத்த ஏஜென்ட் என்ன சொன்னான்?”

“இதயத்துல ஒண்ணுமில்லைன்னு டிக் பண்ணிடச் சொன்னாருண்ணா.”

“அட கஷ்டகாலமே! நெஞ்சைப் பொளந்து தச்சிருக்கு, ஒண்ணுமில்லையாமா? நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்தா, ‘ஏன் மறைச்சே’ன்னு கேட்டுக் கைய விரிச்சுடுவான். உண்மையச் சொல்லியே வாங்குவோம்மா. கொஞ்ச நாளாகும்.”

கொஞ்ச நாளா? எத்தனை கம்பெனி, எத்தனை மருத்துவச் சோதனை! ஒரு கம்பெனி பரிசீலிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாயே திறக்கவில்லை. இன்னொன்று, இதயத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் தருகிறோம் என்றது. “இடிஞ்ச சுவத்த விட்டுட்டு மீதி வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தர்றானாம்” என்று விடாக்கண்டன் பொரிந்து தள்ளினார்.

ஒவ்வொரு முறை இல்லை என்று வரும்போதும் அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுவாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி விடும்மா. என்ன பண்றது, இன்னும் கொஞ்ச நாள் நான் இங்கயே இருந்துக்கறேன்” என்பார். பாவம், எனக்காக எவ்வளவு தாங்கிக்கொள்கிறார் என்று அவளுக்கு இன்னும் அழுகை வரும்.

கடைசியில் விடாக்கண்டன் ஆலைக்கு இன்ஷூரன்ஸ் தரும் கம்பெனியின் இந்த ஊர்க் கிளைக்கே போனார். அங்கே முடிவெடுக்கும் டாக்டரின் அறை வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்தார். “இத்தனை வருஷமா இந்தப் பொண்ணுக்கு நீங்கதானே சார் இன்ஷூரன்ஸ் குடுத்துட்டிருக்கீங்க? புருஷன் வேலையில இருந்தா நல்ல இதயம், வேலைய விட்டா கெட்ட இதயமா?” என்று கேட்டாராம். அந்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலிசி தரச் சம்மதித்துவிட்டார். கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும், வருஷம் தவறாமல் சோதனை செய்துகொள்ள வேண்டும். மற்றபடி முதல் நாளிலிருந்தே எல்லாம் உண்டு. ஆலை வேலையை விட்டாலும் உண்டு.

செய்தி வந்தபோது அவள் கடையில் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளை வரும்வரை எப்படித்தான் பொறுத்தாளோ, வேளை வந்ததும் பின்கட்டுக்கு ஓடி, காலி ஃப்ரேம் பெட்டிகளுக்கு நடுவே நின்று போன் போட்டாள். எடுத்ததும் சொல்லிவிடலாமா? சேச்சே, கொஞ்சம் விளையாடிப் பார்ப்போம் என்று தோன்றியது. கல்யாணமான புதிதில் இப்படியெல்லாம் அவரை ஏய்த்திருக்கிறாள்.

“ஏங்க, இந்தத் தடவையும் இல்லைன்னுட்டாங்க” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அப்படியா?” ஒரு பெருமூச்சு. “சரி விடும்மா. என்ன பண்றது, இன்னும் கொஞ்ச நாள் நான் இங்கயே இருந்துக்கறேன்.”

எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். ஆனால் இதுவரை அவள் அழுதுகொண்டே கேட்டாள். தன் அழுகையில் அவர் குரலைச் சரியாகக் கேட்டதே இல்லை. இன்று கேட்டது. அது வருத்தப்படுகிறவன் விடுகிற மூச்சு இல்லை. பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்ததும் பையன்கள் விடுவார்களே, அந்த மூச்சு. மூச்சு விட்ட கையோடு அவருக்குப் பேச்சும் வந்துவிட்டது. ரூமில் எல்லோரும் சேர்ந்து புது டிவி வாங்கினார்களாம். இவர்தான் சுவரில் மாட்டினாராம்.

அவள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, சும்மா சொன்னேன். கெடச்சிடுச்சு.”

“என்னது?”

“பாலிசி. இதயத்துக்கும் சேத்து. நீங்க வேலைய விட்டுட்டு வந்துடலாம்.”

டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். “கண்டிஷனெல்லாம் நல்லாப் படிச்சியா?”

“விடாக்கண்டன் அண்ணன் வரிக்கு வரி படிச்சுட்டாரு.”

“வருஷா வருஷம் புதுப்பிப்பாங்களா?”

“புதுப்பிப்பாங்க.”

“பிரீமியத்த ஏத்திட்டாங்கன்னா?”

“நான் சம்பாதிக்கறேன்ல, கட்டுவேன். ஏங்க, உங்களுக்கு வர இஷ்டமில்லையா?”

கேட்டுவிட்டாள். இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் அந்த இன்ஷூரன்ஸ் குறுக்கே நின்று காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது குறுக்கே ஒன்றும் இல்லை.

“இஷ்டம் இல்லாம என்னம்மா?” என்றார். குரல் இறங்கிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் கஷ்டம். “இங்கன்னா வேலை இருக்கு, நாலு பேர் இருக்காங்க. காலையில எழுந்தா என்ன பண்ணணும்னு தெரியும். அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்? அங்க எனக்கு யாரைத் தெரியும், சொல்லு?”

“என்னைத் தெரியும்ல?” என்றாள்.

முன்பக்கம் முதலாளி யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் திக்கித் திக்கிப் படித்து முடித்தார். இங்கே இன்னும் பதில் வரவில்லை. இவ்வளவு யோசித்துச் சொல்லப்போகிற பதில் எதுவானாலும் அதைக் கேட்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கங்கெட்ட மனசு, அப்போதும் வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்றுதான் கெஞ்சியது. அவள் போனை வைக்கவில்லை.